இளைக்க நினைப்பவர்களுக்கு

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முதன்முறையாக முடிவெடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எதை நிறுத்தணும்?" சோற்றையா, நெய்யையா, ராத்திரிச் சாப்பாட்டையா என்று பட்டியலையும் அவர்களே தந்துவிடுவார்கள். உணவியல் வேலையில் என் தலை நரைத்துவிட்டது. எதையாவது நிறுத்தி இளைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இளைத்தபடியே நின்றவர்களை அவர்களுக்குள் அதிகம் பார்க்கவில்லை. "பத்து வருஷம் விடாமல் எதை என்னால் செய்ய முடியும்?" என்று கேட்டவர்கள் மெதுவாகத்தான் குறைந்தார்கள், ஆனால் குறைந்தது திரும்பி வரவில்லை. இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பாட்டில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

1. சோற்றின் மேல் பழி போடாதீர்கள்.

"ராத்திரி சப்பாத்திதான்" என்று சொல்வதில் நம் ஊரில் ஒரு பெருமை இருக்கிறது. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. நூறு கிராம் கோதுமை மாவில் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கோதுமையில் புரதமும் நார்ச்சத்தும் சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் மூன்று சப்பாத்திக்கு மூன்று டீஸ்பூன் எண்ணெய், தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைத்துவிட்ட குருமா என்று சேர்த்துப் பாருங்கள். அளவாகச் சாப்பிட்ட ரசம் சாதத்தை அது எளிதாகத் தாண்டிவிடும். சிறுதானியக் கதையும் அப்படித்தான். தினை, சாமை, வரகு, கம்பு எல்லாமே நல்ல சாப்பாடு; என் வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உண்டு. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் அவற்றின் கலோரி அரிசியை ஒட்டியே இருக்கிறது. வரகுப் பொங்கல்தானே என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் அது இரண்டு தட்டுப் பொங்கல்தான்.

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. அதில் எடுத்த உணவுக் கணக்கு 2025-இல் வெளிவந்தது. நாம் சாப்பிடுகிற மொத்தக் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது காட்டியது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அந்த இடத்தில் வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அங்கே பருப்பு, பயறு, பால், தயிர் இவற்றின் புரதத்தை வைத்தால்தான் குறைவு தெரிந்தது. அதாவது தானியத்தைத் தானியத்தால் மாற்றிப் பயனில்லை. தட்டில் தானியம் பிடித்திருக்கும் இடத்தைத்தான் சுருக்க வேண்டும்.

நம் வீடுகளில் முதலில் சோறு விழும். அது தட்டை நிறைத்த பிறகு ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கீரை, பொரியல், கூட்டு என்று பாதித் தட்டு. அடுத்துக் கெட்டிப் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ கால் தட்டு. மிச்சமிருக்கும் காலில் சோறு. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் பாதித் தட்டைக் காய்க்கும் பழத்துக்கும்தான் ஒதுக்குகிறது. (அந்த நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும் 1918-இல் பிறந்தது நம் குன்னூரில்தான். ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒற்றை அறை ஆய்வுக்கூடமாகத் தொடங்கினார்.) சோற்றைக் கடைசியில் பரிமாறிப் பழகியவர்கள், "இவ்வளவுதானா நான் சாப்பிடுவேன்!" என்று அவர்களே ஆச்சரியப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எண்ணெய்க் கணக்கை மளிகைப் பட்டியலில் பாருங்கள்.

செக்கு எண்ணெய் குண்டாக்காது, ஆலிவ் எண்ணெய் இளைக்க வைக்கும், நெய் மட்டும்தான் கொழுப்பு என்று மூன்றையும் ஒரே வீட்டில் கேட்கலாம். எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான், நெய்யும் ஏறத்தாழ அதே. ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 40. இதயத்துக்கு எது நல்லது என்பது தனிப் பேச்சு. எடைக் கணக்கில் எல்லாம் ஒன்று. பாக்கெட்டின் மேல் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது.

அடுப்பின் முன்னால் நின்று ஸ்பூன் வைத்து அளக்க யாராலும் தினமும் முடியாது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று மட்டும் பாருங்கள், போதும். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. உடம்பில் சேரும் ஒரு கிலோ கொழுப்பின் கணக்கு சுமார் 7,700 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் நான்கானால், யாரும் எதையும் தியாகம் செய்யாமலே ஆளுக்கு மாதம் 2,000 கலோரி குறைகிறது. சமைக்கிறவர் ஒருவர் மனம் வைத்தால் மொத்தக் குடும்பத்துக்கும் நடக்கிற நன்மை இது. ஆகவே சமைப்பவரைக் குற்றம் சொல்லாமல், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

3. நடைப்பயிற்சி மட்டும் இளைக்க வைக்காது. ஆனாலும் நடங்கள்.

எழுபது கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் கொஞ்சம் வேகமாக நடந்தால் செலவாவது 120, 130 கலோரி. நடை முடிந்து பூங்கா வாசலில் சர்க்கரை போட்ட ஒரு டீயும் ஒரு பருப்பு வடையும் சாப்பிட்டால் அது திரும்ப வந்துவிடும், வட்டியோடு. "தினமும் நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலையே" என்று வருகிறவர்களின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. உடம்பின் போக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களின் அன்றாடக் கலோரிச் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்தபின், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களின் செலவுக்கும் இவர்களுடையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரிடத்தில் அதிகம் செலவழித்தால் உடம்பு வேறோர் இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையோ சொல்லும்படி குறையவேயில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எடை இயந்திரம் ஒன்றும் சொல்லாத நாளிலும் உங்கள் நடை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. இளைத்த உடம்பை இளைத்தபடி காப்பாற்றவும் நடை மிகவும் உதவும்.

பத்தாயிரம் அடி கணக்கைப் பிடித்துக்கொண்டு மனம் உடையாதீர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயுள் நன்மை 7,500 அடியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டாயிரம் நடக்கிறவர் நாலாயிரம் நடந்தாலே நல்ல பலன் உண்டு.

4. தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்க முடியாது.

1984-இல் ஒரு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 27 நாளில் 5,004 முறை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி செய்தார்கள். வயிற்றுக் கொழுப்பு மற்ற இடக் கொழுப்பைவிட அதிகமாகக் குறையவில்லை. டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கையையும் மற்றக் கையையும் 1971-இல் அளந்து பார்த்தார்கள். தசையில்தான் வித்தியாசம், தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரண்டிலும் ஒன்றே. எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்பதை உங்கள் பரம்பரையும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. சிலருக்கு முகம்தான் முதலில் வற்றும். "மூஞ்சி ஒட்டிப் போச்சு, என்னாச்சு?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அதற்குப் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

5. வியர்வை கொழுப்பு இல்லை. இடுப்பில் கட்டும் சூட்டு பெல்ட்டும், பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதும் தண்ணீரைத்தான் எடுக்கின்றன. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை பழையபடி வந்துவிடும், சித்திரை வெயிலில் அந்தச் சட்டையால் உயிருக்கே ஆபத்து வரலாம். கொழுப்பு எங்கே போகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது.

6. குடித்தால் கரைக்கும் பானம் எதுவும் கிடையாது.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடிக்காதவர்கள் இன்று குறைவு. குடிக்கப் பிடித்தால் குடியுங்கள். ஆனால் ஒரு பெரிய ஸ்பூன் தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. அதைக் கரைத்து எதையும் கரைக்க முடியாது. வாழைத்தண்டுச் சாறு, கறிவேப்பிலைச் சாறு, சீரகத் தண்ணீர், க்ரீன் டீ எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான். சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாக இதைக் குடித்தால் லாபம், காபிக்கு மேல் இதையும் குடித்தால் லாபமில்லை.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பெரியவர்கள் சொன்னதை நான் மதிக்கிறேன். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து. ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டால் வயிறு நிறைந்து மிக்சர் டப்பாவின் பக்கம் கை போகாது. கொள்ளு வேலை செய்கிற விதம் அதுதான். ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தை அது பிடிக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மாத்திரையாக விற்பவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன் குழம்பில் போடும் குடம்புளியின் சத்தை எடுத்து உலகம் முழுக்க "கார்சீனியா" என்ற பெயரில் எடை குறைப்பு மாத்திரையாக விற்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் 135 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கார்சீனியா சாப்பிட்டவர்கள் அதிகம் இளைக்கவில்லை. இந்தச் சத்து சேர்ந்த சில தயாரிப்புகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. மீன் குழம்பில் குடம்புளி இருக்கட்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள். டப்பாவில் வருவதைத் தொடாதீர்கள்.

7. பட்டினி கிடந்து வேகமாக இளைக்காதீர்கள்.

இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வரும் பெண்பிள்ளைகளும், மாதம் பத்து கிலோ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வரும் தம்பிகளும் நின்று கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944, 45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களிடம் ஒரு சோதனை நடத்தினார். பட்டினியில் வாடும் ஐரோப்பாவுக்கு உதவத் தாங்களாக முன்வந்த இளைஞர்கள் அவர்கள். ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டில் பாதிதான் கொடுத்தார்கள். எடையில் கால் பங்கு போனது. நாடித்துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிர் எடுத்தது, சிடுசிடுப்பும் சோர்வும் பிடித்தன. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சோதனை முடிந்து தடையின்றிச் சாப்பாடு கிடைத்ததும் எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. திரும்பி வந்த கொழுப்பு முன்பிருந்த அளவையும் தாண்டிப் போனது. மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை யாராவது சொல்ல முடியுமா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016-இல் எழுதினார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி பெரும்பாலோருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவு, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. வருமானம் திடீரென்று நின்ற குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வதைப் போல, உடம்பும் சுருக்கிக்கொள்கிறது.

வேகமாக இளைப்பதில் தசையும் கூடவே போகும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும். சர்க்கரைக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் போதும், அதுவே வருடத்தில் பெரிய தொகை. சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடலாம். சிறிய உடம்புக்குச் சிறிய செலவு, அதனால் நிற்கிறது. அந்த இடத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டாமல், இருப்பதைப் பிடித்துக்கொண்டு சில வாரம் பொறுங்கள்.

8. எந்த டயட் சிறந்தது என்ற சண்டையில் சேராதீர்கள்.

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோவா, கொழுப்பில்லாத சாப்பாடா என்று நண்பர்களே பேச்சு முறித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொல்லி ஒரு வருடம் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. இரு பக்கமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்திருந்தார்கள். பெயர் சொல்லும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் நிறைய இளைத்தவரும் உண்டு, எடை கூடியவரும் உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதும் அப்படியே. சீனாவில் 139 பேரிடம் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு கலோரியை நேரக் கட்டுப்பாட்டோடு சாப்பிட்டவர்களுக்கும் இல்லாமல் சாப்பிட்டவர்களுக்கும் எடையில் வேறுபாடு தெரியவில்லை. காலைச் சாப்பாட்டை விட்டால் குண்டாவோம் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. பசித்தால் சாப்பிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் நொறுக்குத் தீனி தின்னும் பழக்கம் உள்ளவருக்கு நேரக் கட்டுப்பாடு உதவும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு அது தேவையில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பாக்கெட்டில் வருவதைக் குறையுங்கள். கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இருபது பேரை மருத்துவமனையில் தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் வேண்டிய மட்டும் கொடுத்தார்கள். ஆலைத் தயாரிப்பைச் சாப்பிட்டபோது நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. யாரும் அவர்களை அதிகம் சாப்பிடச் சொல்லவில்லை. "ராகி பிஸ்கட்" என்று போட்டிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பல பாக்கெட்டுகளில் ராகிக்கு முன்னால் மைதா நிற்கும்.

9. எடை இயந்திரத்துக்கு நாள்தோறும் பதில் சொல்லாதீர்கள்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தால் துள்ளுகிறீர்கள், மூன்றாம் வாரம் நின்றால் அழுகிறீர்கள். உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் வடிவது அந்தத் தண்ணீர். ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள் எடை கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் கூடும். வாரம் ஒருநாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளங்கள்: விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபடி. இந்தியர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் மேலை நாட்டவருக்கு 25 எல்லை என்றால் நமக்கு 23.

ஒல்லியாக இருப்பதால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களும் கேளுங்கள். புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பை நம் தெருவெங்கும் பார்க்கலாம். அவர்கள் தங்களை ஒல்லி என்றே நினைத்திருக்கிறார்கள், அதுதான் என் கவலை.

10. தசையைக் காப்பாற்றுங்கள்.

தசைக்குப் புரதம் வேண்டும். தண்ணீரான சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்? பருப்பைக் கெட்டியாகக் கடையுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். சைவர்கள் பயறு, சுண்டல், தயிர், வேர்க்கடலை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். ஜிம்முக்குப் போக வசதியில்லை என்றால், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், மாடிப்படி ஏறுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் போதும். பெண்களுக்குக் கை கால் முறுக்கேறிவிடும் என்ற பயம் தேவையில்லாதது. அறுபது வயதில் தரையிலிருந்து தானாக எழுந்திருக்க வேண்டுமானால் நாற்பதிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

11. தைராய்டு குறைபாட்டால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ வரைதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு அளவு சரியான பிறகும் எடை குறையவில்லை என்றால் மற்றதையும் பாருங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் இவற்றாலும் எடை கூடும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது.

12. எடை குறைக்கும் ஊசியைப் பற்றி.

2025-இல் மவுஞ்சாரோவும் வீகோவியும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த பிறகு, இவற்றைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இவை நல்ல மருந்துகள். வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காட்டைக் குறைத்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே, ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போல நீண்ட காலம் எடுக்கும் மருந்து என்ற தெளிவோடு, டாக்டர் எழுதிக்கொடுத்தால் எடுங்கள். எடுப்பவரைச் சோம்பேறி என்று பேசாதீர்கள். உடல் பருமனும் ஒரு நோய்தான், நோய்க்கு மருந்து எடுப்பதில் கேவலம் எதுவுமில்லை. யாரோ போட்டுக்கொண்டார்கள் என்று ஆன்லைனில் வாங்கிக் குத்திக்கொள்வது மட்டும் வேண்டாம்.

13. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

பிள்ளைகளைக் "குண்டு", "பூசணிக்கா" என்று கூப்பிடாதீர்கள். செல்லமாகத்தான் சொன்னோம் என்பீர்கள். அந்தப் பிள்ளை ஒளித்துவைத்துச் சாப்பிடவும், சாப்பிட்டதற்காகத் தன்னையே வெறுக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறது. வளரும் பிள்ளைக்குத் தனியாக டயட் போடாதீர்கள். வீடு முழுக்க ஒரே சாப்பாடு, ஒரே காய். ஓடியாட மாலையில் ஒரு மணி நேரம் டியூஷனிலிருந்து விடுதலை. அதுவே மருந்து.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்கும் சொல்கிறேன். மிச்சம் வீணாகக் கூடாது என்று எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவது உங்கள் கடமை இல்லை. குறைவாகச் சமையுங்கள், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், உங்கள் தட்டில் முட்டையோ பருப்போ முதலில் விழட்டும். கணவருக்கு நடக்க நேரம் இருக்கும் வீட்டில் உங்களுக்கும் அந்த நேரம் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

14. முயற்சி இல்லாமல் எடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

"என்ன, நல்லா இளைச்சிட்டீங்க, எப்படி?" என்று ஊரே பாராட்டும். நீங்கள் எதையும் மாற்றாமலே ஆறு மாதத்திலோ ஒரு வருடத்துக்குள்ளோ உடல் எடையில் 5 விழுக்காடு, அதாவது எழுபது கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ, குறைந்திருந்தால் அது பாராட்டுக்குரிய விஷயம் இல்லை. கட்டுக்கு அடங்காத சர்க்கரை, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, சில வகைப் புற்றுநோய், வெளியே சொல்லாத மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், பசியின்மை இவற்றில் ஏதாவது கூட இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தில் சர்க்கரையும், தேவைப்பட்டால் சளியும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.